தங்கத்தில் விழுந்த அடி

பழைய இங்கிலாந்து தங்கக் காசுகளின் படத்தைப் பார்த்த ஒரு வாசகர், "ஒன்றுகூட ஒழுங்கான வட்டமாக இல்லையே, ராஜா காசை இப்படியா செய்வார்கள்?" என்று கேட்டிருந்தார்.

காசுக்கான தங்க வில்லையைக் கையால் முடிந்தவரை வட்டமாகத்தான் வெட்டினார்கள், அடி விழும்போது இன்னும் கோணலானது. 1662-ல் இயந்திரம் நிலைக்கும்வரை அங்கே சுத்தியல்தான். மரக்கட்டையில் இறுக்கிய அடி அச்சு, அதன்மேல் தங்க வில்லை, அதற்குமேல் கையில் பிடித்த மேல் அச்சு, அப்புறம் ஓங்கி ஒரு போடு. சுற்றி வளையம் கிடையாது, தங்கம் தன் இஷ்டத்துக்குப் பிதுங்கும்.

உருகாமலே அது எப்படி அச்சின் பள்ளத்துக்குள் போகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். தங்க அணுக்கள் கோலிக்குண்டுகள் மாதிரி அடுக்கடுக்காக நெருங்கியிருக்கின்றன. ஒரு அடுக்கு மொத்தமாக வழுக்க வேண்டுமென்றால் பயங்கர விசை வேண்டும். ஆனால் பெரிய ஜமுக்காளத்தை முழுசாக இழுக்காமல் ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதாக நகருமல்லவா, அதுபோல அடுக்குகளில் உள்ள பிசகுகள் ஒவ்வொன்றாக நகர்ந்துதான் உலோகம் வளைந்து கொடுக்கிறது. அடிக்க அடிக்கப் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், தங்கம் விறைக்கும், ஓரம் வெடிக்கும். காய்ச்சினால் புதுப் படிகங்கள் வளர்ந்து பழையபடி இளகிவிடும். செம்பைக் காய்ச்சினால் கறுத்துப்போகும், தங்கத்துக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

சுத்தியலை நேரே வாங்குவது மேல் அச்சு, அதுதான் சீக்கிரம் தேயும். அதனால் பாடுபட்டுச் செதுக்கிய ராஜா உருவத்தைப் பெரும்பாலும் அடி அச்சில் வைத்தார்கள். மூன்றாம் எட்வர்ட் 1344-ல் விட்ட 'நோபிள்' காசில் அவர் கப்பலில் வாளோடு நிற்கிறார், கேடயத்தில் இங்கிலாந்துச் சிங்கங்களோடு பிரான்சின் லில்லிப் பூக்களும் இருக்கின்றன. பிரான்சும் என்னுடையதுதான் என்று காசிலேயே நோட்டீஸ்! போரில் ஜெயித்து அரியணை பிடித்த ஏழாம் ஹென்றி 1489-ல் விட்ட 'சாவரின்' காசிலோ, சிம்மாசனத்தில் நம்மை நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சுமார் பதினைந்தரை கிராம் தங்கம், கிட்டத்தட்டக் கலப்படமே இல்லாதது.

இன்னொரு கூத்து, டிராகனைக் குத்தும் தேவதூதன் பொறித்த 'ஏஞ்சல்' காசு. ராஜா தொட்டால் கண்டமாலை நோய் தீரும் என்று நம்பி வந்தவர்களுக்கு இதைக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். கழுத்தில் நெறிகட்டும் அந்தக் காசநோய் வகை சிலருக்குத் தானாகவே அடங்கும், பேர் மட்டும் ராஜாவுக்கு. இன்று கிடைக்கும் ஏஞ்சல் காசுகள் பலவற்றில் ஓட்டை இருப்பது அந்தக் கயிறு கோத்த இடம்தான்.