வெட்டாத காட்டுக்கு எது அத்தாட்சி?

விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படங்களைப் பார்த்து நில வரைபடம் தயாரிக்கும் எங்களைப் போன்றோருக்கு மலேசியாவின் சரவாக் மாநில நிலச் சட்டம் விசித்திரமாகவே படுகிறது. மரபுவழி உரிமை கோரும் பூர்வகுடிகள், 1958 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தை அனுபவித்து வந்ததை மெய்ப்பிக்க வேண்டும். காட்டை வெட்டிக் குடியேறியது, பழமரம் நட்டது, பயிரிட்டது, இடுகாடாகப் பயன்படுத்தியது போன்றவையே அதற்குச் சான்று. அக்காலத்து வான்படத்தில் திருத்திய நிலம் தெரிந்தால் வழக்குக்குப் பலம். அடர்ந்த காடு மட்டுமே தெரிந்தால், அங்கே யாரும் இருந்ததில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

இதில் அதிகம் அடிபடுபவர்கள், பாராம் ஆற்றின் மேற்பகுதிக் காடுகளில் வேட்டையாடியும் காட்டுச் சாகோ பனையின் மாவை உண்டும் நாடோடிகளாக வாழ்ந்த பெனான் மக்கள். பனைக் கூட்டத்தைக் கண்ட குடும்பம் அதில் அடையாளமிட்டு, முற்றிய தண்டை மட்டும் வெட்டி, இளையவற்றைப் பின்னாளுக்கு விட்டுவைக்கும். இந்த வழக்கத்தை அவர்கள் மோலோங் என்கிறார்கள். பேணிக் காத்தவரிடம் போய், வெட்டியதற்கு அத்தாட்சி கேட்பது என்ன நியாயமோ! 1987-இல் மரம் வெட்டும் நிறுவனங்களின் சாலைகளை அவர்கள் மறித்தபோது, அத்தகைய மறியலையே குற்றமாக்கும் திருத்தம் அதே ஆண்டில் வனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

2001-இல் சரவாக்கின் மற்றொரு பூர்வகுடியான இபான் மக்களின் ரூமா நோர் கிராம வழக்கில், அந்தக் கிராமத்துக்காகத் தயாரித்த வரைபடத்தை உயர் நீதிமன்றம் சான்றாக ஏற்றது. உரிமம் பெறாதோர் நில அளவை செய்வதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சான்று போதவில்லை என்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் மரபுவழி உரிமை பற்றிய கோட்பாட்டை அது தள்ளிவிடவில்லை. ஆகவே வழக்கின் தலைவிதி சான்றின் தரத்தில்தான் இருக்கிறது. 2017-இல் 63 பெனான் கிராமங்கள் சேர்ந்து, சுமார் 10,000 சதுர கிலோமீட்டரைக் காட்டும் 23 வரைபடங்களை வெளியிட்டன.

வரைபடத்தில் எல்லைக்கோட்டைவிட அதற்குள் இருக்கும் புள்ளிகளே முக்கியம். கல்லறை என்று குறித்தால் மட்டும் போதாது. அங்கே அடக்கமானவர் யார், இன்றுள்ள எந்தக் குடும்பத்துக்கு என்ன உறவு, அதைச் சொன்ன பெரியவர் யார், உடன் நடந்து பார்த்தவர்கள் யார் என்பதெல்லாம் தேதியுடன் பதிவாக வேண்டும். பெரியவரின் வாக்குமூலத்தை அவருடைய மொழியிலேயே ஒளிப்பதிவு செய்து, மொழிபெயர்ப்பைத் தனியாக இணைப்பது நல்லது. ஆனால் அகில் மரங்கள் நிற்கும் இடங்களை வெளியாருக்குத் தரும் படியில் குறிக்கவே கூடாது. திருட்டு வெட்டுக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும் என்பதால், அந்தப் புள்ளிகள் கிராமத்தார் கையில் இருக்கும் படியோடு நிற்கட்டும்.