மழைக்கு டவர் படுத்தால் வேலிடிட்டி நீளுமா?

ஜூன் பிறந்துவிட்டால் கேரள மலையில் மூணாறு, தேவிகுளம் பக்கத்து லயங்களில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இதே பேச்சுதான்: "டவர் நிக்குது, சிக்னல் எங்க போச்சு?"

சமவெளியில் டவருக்கு வருகிற பேச்சையும் இணையத்தையும் பெரும்பாலும் ஃபைபர் கேபிள் சுமக்கிறது. மண் சரிகிற மலையில் கேபிள் நிற்பது கஷ்டம். அதனால் டவரில் முரசு போன்ற வட்ட ஆன்டெனாவை மாட்டி, எதிர்மலை டவரின் ஆன்டெனாவோடு நேருக்கு நேர் பார்க்கவைப்பார்கள். இதுதான் மைக்ரோவேவ் லிங்க். 15, 18 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை இதற்கு நிறையப் பயன்படுத்துகிறார்கள். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் கனமழைத் துளிகள் அலையை விழுங்கத் தொடங்கும். மஞ்சு, அதாவது மூடுபனி, அவ்வளவாகக் கெடுக்காது. ஒரு லிங்க் விழுந்தால், அதை நம்பியிருக்கும் அடுத்தடுத்த டவர்களும் ஊமையாகிவிடும்.

சரி, ரீசார்ஜ் செய்தவருக்கு என்ன கிடைக்கும்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத் தர விதிகள்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டியை நீட்ட வேண்டும், போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிக்க வேண்டும். ஒரே நாளில் 12 மணி நேரம் தாண்டினால் அது முழு நாள் கணக்கு. இயற்கைப் பேரிடர் காரணம் என்றால் இது பொருந்தாது.

சிக்கல் 'மாவட்டம்' என்ற சொல்லில் இருக்கிறது. நம் எஸ்டேட் மட்டும் மூன்று நாள் இருண்டு கிடந்தால் இந்த விதி கைகொடுக்காது. மலைக்காரர்களுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. தொடர்பு அறுந்து கிடந்ததால் சேதி வெளியே எட்டியது மறுநாள் காலையில்தான். எழுபது உயிர்கள். மலையில் சிக்னல் என்பது ரீசார்ஜ் காசைவிடப் பெரிய விஷயம்.

அதனால் புகாரை விட்டுவிடாதீர்கள். கம்பெனியின் கஸ்டமர் கேரில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அப்புறம், எங்கெங்கே சிக்னல் உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் டிராய் விதி. உங்கள் லயத்தில் சிக்னல் இருப்பதாக அதில் காட்டியிருந்தால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மனுவோடு சேருங்கள்.

தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம்; கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, இங்குள்ள தமிழர்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. லயத்தில் பத்து வீடு இருந்தால் வீட்டுக்கு ஒரு புகார் எண் வாங்கி, பத்தையும் அந்த மனுவில் எழுதிவிடுங்கள்.