பரணில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அவசரப்பட்டுக் கரண்ட் கொடுக்காதீர்கள்

போன மாசி மாதம் காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒருவர் மஞ்சப்பையில் ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்தார். 40 ஜிபி, ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. "தம்பி, அப்பா மாங்காய் மண்டி நடத்தினப்போ எழுதின கணக்கு பூரா இதுலதான் இருக்கு. அக்கா கல்யாணப் போட்டோவும் இருக்கு. மச்சான் பையன் ஆன்லைன்ல ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிப் பார்த்தான், சுத்தவே இல்ல" என்றார். தாளைப் பிரித்ததுமே கருகல் வாசனை வந்தது.

கிருஷ்ணகிரியில் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்படி வரும் டிஸ்க்குகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. பதினைந்து வருடம் பரணில் ஒரு குறையும் இல்லாமல் கிடந்திருக்கும். திரும்ப எடுத்து மாட்டிய முதல் பத்து நிமிடத்தில் போயிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிஸ்க்கின் பின்புறத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையில் 40 பின், பக்கத்தில் தடித்த நான்கு பின் பவர் சாக்கெட் இருந்தால் அது மேஜைக் கணினியின் ஐடிஇ டிஸ்க். மெல்லிய 44 பின் என்றால் லேப்டாப் ஐடிஇ. எல் வடிவில் இரண்டு தட்டையான சாக்கெட் இருந்தால் சாட்டா. 2003 வாக்கில் சந்தைக்கு வந்த அந்த வகையை இன்றைய கணினியில் அப்படியே மாட்டலாம், கவலையில்லை. 50, 68 அல்லது 80 பின் இருந்தால் ஸ்கஸி, பெரும்பாலும் பழைய சர்வரில் இருந்து வந்தது. அதற்கு ஸ்கஸி கார்டு, சரியான டெர்மினேஷன், பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய கணினி எல்லாம் தேவை. அதை நீங்களாகத் தொடாமல் இருப்பதே நல்லது. 34 பின், 20 பின் என்று இரண்டு பட்டைக் கேபிள் போகும் எண்பதுகளின் டிஸ்க் என்றால், பழைய டிஸ்க்கை யுஎஸ்பி வழியாக இணைக்கக் கடையில் விற்கும் அடாப்டர் எதுவும் அதைப் படிக்காது.

நம் ஊர் வீடுகளில் அதிகம் கிடப்பது ஐடிஇதான். ஆபத்தும் அங்கேதான் அதிகம். அதன் பவர் கனெக்டருக்கு மோலெக்ஸ் என்று பெயர். மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு எர்த். கனெக்டரின் ஒரு பக்கத்து மூலைகள் இரண்டும் சரிவாக வெட்டியிருக்கும், தலைகீழாகப் போகக் கூடாது என்பதற்காக. ஆனால் மலிவான அடாப்டரோடு வரும் கனெக்டரின் பிளாஸ்டிக் இளகலாக இருக்கும். பலமாக அழுத்தினால் தலைகீழாகவும் உள்ளே இறங்கிவிடும். 5 வோல்ட் போக வேண்டிய பாதையில் 12 வோல்ட் பாயும். காவேரிப்பட்டணத்துக்காரர் டிஸ்க்கில் நடந்தது அதுவே.

போர்டைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பவர் சாக்கெட்டை ஒட்டி, மிளகை விடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்பு டையோடு வெடித்து வாய் திறந்திருந்தது. வோல்டேஜ் ஏறினால் தான் ஷார்ட் ஆகி மற்ற சிப்புகளைக் காப்பாற்றுவதே அதன் வேலை. அதைச் செய்துவிட்டுப் போயிருந்தது. அதை எடுத்ததும் மோட்டார் சுற்றியது. எல்லா டிஸ்க்கும் இப்படிப் பிழைக்காது. அதோடு, அந்த டையோடு இல்லாமல் ஓடும் டிஸ்க்குக்கு இனி எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நகல் எடுக்கும் அந்த ஒரு முறைக்கு மட்டுமே ஓட்டலாம்.

பவரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேஜைக் கணினியின் பெரிய டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அடாப்டரோடு வரும் சின்ன சார்ஜர் திணறினால் டிஸ்க் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். தகட்டில் இருப்பதைப் படிக்கும் ஹெட் போய்விட்டது என்று பயந்து போய் வருகிறார்கள். கணினிக்குப் பவர் கொடுக்கும் பெட்டியான நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. லேப்டாப் டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும், ஆனால் யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிள் அதற்காகத்தான் வருகிறது. முன்பக்க போர்ட்டையும் ஹப்பையும் விட்டுவிட்டு, மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் சொருகுங்கள்.

44 பின் மாட்டும்போது கண் கூர்மையாக இருக்கட்டும். அந்த வரிசைக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி விட்டு நான்கு பின் தனியாக நிற்கும். அவை ஜம்பருக்கானவை, அதாவது இரண்டு பின்னை இணைத்து டிஸ்க்கின் அமைப்பை மாற்றும் சின்னத் தொப்பிக்கானவை. அடாப்டர் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்துவிட்டால் பவர் போகக் கூடாத பின்னில் போகும். போர்டில் 1 என்ற எண்ணைத் தேடி ஒன்றாம் பின்னைச் சரிபார்த்த பிறகே சொருகுங்கள்.

பெரிய ஐடிஇ டிஸ்க்கில் ஜம்பரும் உண்டு. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது முதல் (மாஸ்டர்), எது இரண்டாவது (ஸ்லேவ்) என்று சொல்வது அதுதான். பழைய கணினியில் ஸ்லேவாக இருந்தது அப்படியே இருக்கும். பெரும்பாலான யுஎஸ்பி அடாப்டர்கள் மாஸ்டராக இருந்தால்தான் கண்டுகொள்ளும். பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் சிலவற்றில் தனியாக ஓடும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். மேலே உள்ள லேபிளில் படமே போட்டிருக்கிறார்கள். டிஸ்க் தெரியவில்லை என்று வருபவர்களில் நிறையப் பேருக்கு இந்த ஜம்பரை மாற்றி வைத்ததோடு வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

யுஎஸ்பி அடாப்டரா, பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டா என்று கேட்பார்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி போதும். பேட் செக்டார், அதாவது படிக்க முடியாத பகுதி, வந்த டிஸ்க் என்றால் யுஎஸ்பி சிப் தடுமாறும், நடுவில் இணைப்பு அறுந்து போகும், டிஸ்க்கின் உண்மையான பிழையையும் கணினிக்குச் சரியாகச் சொல்லாது. அப்போது ஐடிஇ சாக்கெட் உள்ள கார்டை மதர்போர்டிலேயே சொருகி நேராகப் பேசுவது நல்லது. நான் இந்தக் கார்டுகளை பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்து கையிருப்பில் வைத்திருக்கிறேன். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். சாட்டா மட்டும் உள்ள கார்டையும் ஐடிஇ என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, டிஸ்க் தெரிந்துவிட்டது. விண்டோஸ் உடனே ஒரு கேள்வி கேட்கலாம்: ஃபார்மட் செய்யட்டுமா? டிஸ்க் மேனேஜ்மென்ட் போனால் இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும். பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்றும் கேட்கும். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். மூன்றுமே அந்த டிஸ்க்கில் எழுதும் வேலைகள். நலிந்த டிஸ்க்கில் பிழை சரிசெய்யும் செக் டிஸ்க்கை ஓட விட்டு, ஃபோல்டர்கள் பெயரிழந்து துண்டு துண்டாகப் போன கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

நான் செய்வது இதுதான். லினக்ஸ் கணினியில் மாட்டி, எதையும் திறந்து பார்க்காமல், டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகல் எடுக்கிறேன். எளிதாகப் படிக்க வரும் பகுதிகளை அது முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பதைக் கடைசிக்கு ஒதுக்கும். எதுவரை எடுத்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். நம் ஊரில் அது பெரிய ஆறுதல். நல்ல 40 ஜிபி டிஸ்க் என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். அப்புறம் தேடுவது, விண்டோஸ் எக்ஸ்பியில் பாஸ்வேர்டு போட்ட ஃபோல்டரைத் திறப்பது எல்லாம் நகலில்தான்.

மாட்டியதும் காதைக் கொடுங்கள். டக், டக் என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் வந்து, பவர் சரியாகவும் இருந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஹெட் தகட்டைக் கீறிக்கொண்டிருக்கக் கூடும். ஃப்ரிட்ஜில் வைப்பது, மேஜையில் தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். சுத்தமான அறை வசதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வேலையை நானும் செய்வதில்லை, அனுப்பி வைக்கிறேன்.

காவேரிப்பட்டணத்து டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் சில செக்டார்கள் மட்டும் வரவில்லை. கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் டேட்டாவுக்குள் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருந்தன. அவற்றை உள்ளே பிரிக்காமல் முழுதாக எடுத்தேன். கல்யாணப் போட்டோக்கள் கிடைத்தன. கடிதங்கள் மட்டும் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. கெட்டுவிட்டது என்று அவர் முகம் வாடிவிட்டது.

கெடவில்லை. அது வானவில் எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்ததே 2010-ல்தான். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில்தான் அடித்துக்கொண்டிருந்தோம். அந்த எழுத்துரு அதே டிஸ்க்கின் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலேயே இருந்தது. எடுத்து நிறுவி, கடிதத்தை மறுபடி திறந்தேன். 2003-ல் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கு எழுதியது. மேலே அப்பாவின் பெயர், அதன் கீழே காவேரிப்பட்டணம், தர்மபுரி மாவட்டம் என்று முகவரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது அதற்கு அடுத்த வருடம்தானே.

அவர் நின்றபடியே முழுதும் படித்தார். "இதை ரெண்டு பென்டிரைவ்ல போட்டுக் குடு தம்பி, அக்காவுக்கு ஒண்ணு" என்றார். இரண்டிலும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன்.