ஓடுகிறது, ஆனால் வேலை நடக்கவில்லை

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இரவு 1 மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் கணக்குச் சரிபார்ப்பு நிரல் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொடங்கியது, திங்கள் காலை வரை முடியவில்லை. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

நிரல் செத்திருந்தால் அலர்ட் வந்திருக்கும். இது சாகவில்லை, ஹேங் ஆகி, அதாவது உயிரோடு இருந்தபடியே உறைந்து நின்றது. எங்கள் அலர்ட் "நிரல் இருக்கிறதா?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது, நிரலும் இருந்தது.

மறுமுனை சர்வர் நடுவில் திடீரென விழுந்திருக்கிறது. அந்தச் செய்தி எங்கள் பக்கம் வரவேயில்லை. வராத பதிலுக்காக நிரல் காத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்று சொல்லும் டைம்அவுட்டை யாரும் எழுதவில்லை. பைத்தான் மொழியில் வேறு சர்வரிடம் தகவல் கேட்கப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நாமாகக் கொடுத்தாலொழிய டைம்அவுட் கிடையாது என்பது பலருக்கு இன்றும் தெரியாது. மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று இணைப்பைச் சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். நிரல் கேட்டுக்கொண்டால்தான் அது வேலை செய்யும். அப்போதும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனை போக 7,200 விநாடிகள் ஆகும். சனி, ஞாயிறு இரவுகளில் தொடங்கிய நிரல்களோ, ஒரே நேரத்தில் இரண்டு ஓடாமல் தடுக்கப் பழையது வைத்திருந்த பூட்டைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டன.

அதன் பிறகு கேள்வியை மாற்றினோம்: கடைசியாக எப்போது வேலையை முடித்தாய்? ஒவ்வொரு முறையும் வெற்றியாக முடிந்ததும் நிரல் அந்த நேரத்தைப் பதிவு செய்யும். அதிலிருந்து 26 மணி நேரம் தாண்டினால் ஓர் அலர்ட். தொடங்கி 90 நிமிடமாகியும் முடியாவிட்டால் இன்னொன்று. 90 என்பதைக் குத்துமதிப்பாக வைக்கவில்லை. மூன்று மாதப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, மாதக் கடைசியில் 70 நிமிடம் வரை போயிருந்தது. சராசரியை வைத்து எல்லை போட்டிருந்தால் மாதந்தோறும் யாரையாவது நள்ளிரவில் வீணாக எழுப்பியிருப்போம். நான்கு முறை வீணாக எழுந்தவர் ஐந்தாவது முறை திரும்பிப் படுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு பள்ளம் உண்டு. சர்வரே போய்விட்டால் அந்த நேரப் பதிவும் காணாமல் போகும். ஒப்பிட மதிப்பு இல்லாததால் அலர்ட்டும் எழாது. ஆகவே பதிவு இல்லை என்பதற்கே 'ஆப்சென்ட்' விதி ஒன்றைத் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று, என் கைப்பட நானே செய்த தவறு. "உயிரோடு இருக்கிறேன்" என்ற துடிப்பை அனுப்பத் தனி த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) ஒன்றை வைத்தேன். வேலை செய்யும் த்ரெட் உறைந்து நின்றபோதும் துடிப்பு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வேலை ஓர் அடி நகர்ந்தால் மட்டுமே துடிப்பு போக வேண்டும். லினக்ஸில் நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், துடிப்பு வருகிறதா என்று பார்க்கும் வாட்ச்டாக் வசதிக்கும் இதே கதைதான்.

ஹேங் ஆன நிரலைக் கண்டதும் கொன்று மறுபடி தொடங்கக் கை பரபரக்கும். அதற்கு முன் ஜேஸ்டாக் (ஜாவாவுக்கு), பை-ஸ்பை (பைத்தானுக்கு) போன்ற கருவியால் அது எந்த வரியில் நிற்கிறது என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொன்ற பிறகு அந்தத் தடயம் கிடைக்காது.

அலர்ட் எழுதியதும் சோதனைச் சர்வரில் அந்த நிரலுக்கு 'ஸ்டாப்' சிக்னல் அனுப்பி உறையவைத்துப் பாருங்கள். நாங்கள் முதல் முறை அப்படிச் செய்தபோது அலர்ட் மிகச் சரியான நேரத்தில் கிளம்பியது. போய்ச் சேர்ந்ததோ, வேலையை விட்டுப் போய் எட்டு மாதமான ஒருவரின் மின்னஞ்சலுக்கு.