டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

தளத்தைச் சரிசெய்து தரச் சொல்லி யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். டொமைன் என்பது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர். பெரும்பாலும் பதில் வராது. "அதெல்லாம் ஒரு தம்பி செஞ்சு குடுத்தார், அவருக்குத்தான் தெரியும்" என்பார்கள். டொமைன் அந்தத் தம்பியின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டலும் அவருக்கே போகும். அவர் வேறு ஊர், வேறு வேலை என்று போயிருப்பார். கெடு முடிந்து டொமைன் கைவிட்டுப் போனால், வேறு யாரோ அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிடுவார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது உங்கள் கடைப் பெயர், உள்ளே நடப்பது வேறு வியாபாரம்.

"நாங்கள் வேர்ட்பிரஸ்தான் பயன்படுத்துகிறோம், ஓப்பன் சோர்ஸ், அதனால் எல்லாம் எங்களுடையதுதான்" என்று நம்புபவர்கள் நிறையப் பேர். வேர்ட்பிரஸ் என்பது தளம் நடத்த உதவும் மென்பொருள்; ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூலம் என்றால் அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். மென்பொருள் திறந்ததாக இருப்பது வேறு, சாவி உங்களிடம் இருப்பது வேறு. டொமைன், ஹோஸ்டிங் கணக்கு (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்), தரவுத்தளம் மூன்றும் உங்கள் பெயரில் இல்லையென்றால் திறந்த மூலத்தால் பெரிய பயன் கிடையாது.

ஆனால் சாவி கையில் இருந்துவிட்டால், திறந்த மூலத்தின் அருமை அப்போது தெரியும். வேர்ட்பிரஸ் பிறந்த கதையே அதற்குச் சாட்சி. 2000-களின் தொடக்கத்தில் பி2 என்றொரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதிய மிஷேல் வால்ட்ரிகி ஒரு கட்டத்தில் காணாமல் போனார், மேம்பாடு நின்றது. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் மூல நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே மாதம் வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், நிரலை எடுத்து மாற்றி வெளியிடும் உரிமையை ஏற்கெனவே கொடுத்திருந்தது. இன்று உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஓடுவது அந்த நிரலின் வாரிசுதான்.

மூடிய சேவைகளில் இப்படி நடக்காது. இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸை யாஹூ 2009-இல் மூடியது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்கத் தந்த கூகுள் ரீடர் 2013-இல் போனது, சமூக வலைத்தளங்களில் ஆர்குட் 2014-இல், கூகுள் பிளஸ் 2019-இல். இவற்றில் எதையும் பயனர்கள் எடுத்து நடத்தியிருக்க முடியாது. நிரலும் தரவும் நிறுவனத்திடம் இருந்தன. அவர்கள் கொடுத்த கெடுவுக்குள் இறக்கிக்கொள்வது ஒன்றுதான் வழி.

ரீடர் போனது நம் ஆட்களை எவ்வளவு பாதித்தது என்பதை அப்போது வலைப்பதிவு வாசித்தவர்கள் அறிவார்கள். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் 2004 முதலே பதிவுகளை ஓடை (புதுப் பதிவுகளைத் தானாகத் தரும் ஃபீட்) வழியாக ஒரே இடத்தில் காட்டிவந்தன. ரீடரும் அதே ஓடைகளைத்தான் வாசித்தது. யார் எங்கே எழுதினாலும் வாசகருக்கு வந்து சேரும். நடுவில் இருந்து எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று முடிவு செய்யும் அல்காரிதம் கிடையாது. அப்புறம் ஃபேஸ்புக் வந்தது, எழுதியவர்களும் வாசித்தவர்களும் அங்கே போனார்கள். லைக் உடனே விழுகிறதே, யார்தான் போகமாட்டார்கள்? இப்போது ஒருவர் எட்டு வருடம் முன்பு எழுதிய அருமையான நீண்ட கட்டுரையை அவரே தேடி எடுக்கத் திணறுகிறார்.

செய்தி நிறுவனங்களுக்கும் இதே பாடம்தான். 2015-இல் ஃபேஸ்புக் 'இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ்' என்று கொண்டுவந்தது: கட்டுரையை எங்கள் செயலிக்குள்ளேயே போடுங்கள், வேகமாகத் திறக்கும் என்றது. பல பத்திரிகைகள் அதற்காகவே ஆள் வைத்து வேலை செய்தன. 2023-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஃபேஸ்புக்கை விட்டு வாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, கூட்டம் அங்கேதான் இருக்கிறது. மூலப் பிரதி உங்கள் தளத்தில் இருக்கட்டும், அங்கே போடுவது நகலாக இருக்கட்டும் என்பதே என் கட்சி. யூடியூப் காணொளிக்கும் இது பொருந்தும். எடிட் செய்த மூலக் கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் வைக்காமல் 'அதான் யூடியூப்ல இருக்கே' என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

சரி, திறந்த மூலம் என்றால் சண்டையே இல்லையா? உண்டு. 2024-இல் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் பெரிய தகராறு. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு வேர்ட்பிரஸை வழங்கும் தளமான வேர்ட்பிரஸ்.ஆர்க்கிலிருந்து அப்டேட் வருவது தடைபட்டது. அக்டோபரில் அந்த நிறுவனத்தின் பிரபலமான பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒன்றின் பக்கத்தையே வேர்ட்பிரஸ்.ஆர்க் எடுத்துக்கொண்டு பெயர் மாற்றியது. விஷயம் நீதிமன்றம் போய், டிசம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. நிரல் திறந்திருந்தது, அதை வழங்கும் வாசல் மட்டும் முல்லன்வெக் என்ற ஓர் ஆளின் கையில் இருந்தது. ஆனாலும் ஏற்கெனவே நிறுவிய தளங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூடிய சேவையாக இருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

இன்னொரு தலைவலி, நம் ஊரில் சர்வசாதாரணமாக நடப்பது: 'நல்டு' தீம். தீம் என்பது தளத்தின் தோற்றத்துக்கான தொகுப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றையோ பிளகின் ஒன்றையோ ஏதோ ஒரு தளத்திலிருந்து இலவசமாக இறக்கிப் போட்டுவிடுவது. வேர்ட்பிரஸ் தீம்கள் பலவும் ஜிபிஎல் என்பதால் மறுபகிர்வு பல நேரங்களில் சட்டப்படி தவறே இல்லை. சிக்கல் நடுவில் கைவைத்தவர் என்ன சேர்த்தார் என்பதில் இருக்கிறது. டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. ஒரு தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் புகுந்தால் அதே ஹோஸ்டிங்கில் இருக்கும் மற்றத் தளங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். இந்த வகைத் தீநிரல்களில் சில, அட்மினாக நுழைந்திருக்கும் உரிமையாளருக்குத் தளத்தை அப்படியே காட்டும், கூகுளிலிருந்து வருபவரை மட்டும் வேறெங்கோ தள்ளிவிடும். 'எனக்கு நல்லாத்தானே வருது' என்று முதலாளி சத்தியம் செய்வார். கூகுளில் உங்கள் தளத்தை மட்டும் தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதாத மாத்திரை விளம்பரமோ ஜப்பானிய எழுத்தோ முடிவுகளில் தெரிந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். கோப்புகளைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர், அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக் கோவை ஒரே வரியில் ஓடுவதைக் கண்டால் அங்கிருந்தே தோண்டத் தொடங்கலாம்.

பேக்கப் விஷயத்துக்கு வருகிறேன். கூகுளின் பிளாக்கரில் எழுதுபவர்கள் தங்கள் பதிவுகளைக் கோப்பாக இறக்கலாம், ஆனால் படங்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள், வராவிட்டால் அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். ஃபேஸ்புக் பதிவுகளை இறக்கும்போது ஹெச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் எடுத்தால் தமிழ் உருக்குலைந்து வரும். பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதிச் சரிசெய்துவிடலாம் என்றாலும் எல்லோருக்கும் பைத்தான் தெரியாதே.

சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் பேக்கப் எடுத்ததோடு விட்டுவிடாமல், அதை வேறொரு கணினியில் நிறுவித் தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தரவுத்தளத்தின் எழுத்துமுறை எல்லா மொழிகளையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று இல்லாமல், ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய லத்தீன்1 என்று இருந்தால் இங்கேதான் குட்டு வெளிப்படும். தமிழுக்குப் பதிலாகக் கொம்பும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பைட்டுகள் பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும், மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் அந்தப் பேக்கப்பில் தமிழ் இல்லை. பழைய ஹோஸ்டிங் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால், அதை ரத்து செய்வதற்குள் மறுபடி எடுத்துவிடுங்கள்.