பட்டை போட்டால் பாரம் குறையாது

இந்த மாதத்தில் இது நான்காவது வண்டி. வேனை வாங்கி, கட்டில், அடுப்படி, கழிப்பறை எல்லாம் வைத்து கேரவனாகக் கட்டிவிட்டு, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். நான்கு பேரும் சொன்னது ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு பட்டை போட்டு விடுங்கண்ணா, தாங்கிக்கும்."

தாங்காது. நாமக்கல்லில் இருபது வருடமாக லாரிக்கும் வேனுக்கும் பட்டை கட்டுகிறவன் சொல்கிறேன். பட்டை என்றால் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் சக்கர அச்சுக்கும் நடுவே வில் மாதிரி வளைந்து பாரம் தாங்கும் இரும்புப் பட்டை, லீஃப் ஸ்பிரிங். பட்டை போட்டு அனுப்பினால் எனக்கு அன்றைக்கே கூலி. ஆனால் அந்த வண்டியில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

நான்காவது வண்டி ஏற்கெனவே வேறொரு ஊரில் இரண்டு பட்டை கூட்டிப் போட்ட வண்டி. பார்க்க நிமிர்ந்துதான் நின்றது. குடும்பத்தோடு கொல்லிமலை போய்விட்டு 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது முன்சக்கரத்தில் புகை வந்திருக்கிறது. "ஸ்டியரிங்கும் பஞ்சு மாதிரி இருக்குதுங்க, பிடிமானமே இல்லை" என்றார். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். பின் டயரின் உள்பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் பழசையே திரும்ப மாட்டியிருந்தார்கள், மரை தேய்ந்து நட்டு பாதியில் நின்றது. பிரேக் வால்வின் கம்பியை யாரும் தொடவே இல்லை, பழைய செட்டிங்கிலேயே கிடந்தது.

அந்த வால்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல வேன்களிலும் பிக்கப்களிலும் பின் ஆக்ஸிலுக்கும் (சக்கர அச்சு) சேஸுக்கும் (அடிச்சட்டம்) நடுவே ஒரு கம்பி போகும். அதன் முனையில்தான் லோடு சென்சிங் வால்வு. சேஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். பட்டை கூட்டி வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், அது காலி வண்டி என்று கணக்குப் போடும். பின் பிரேக் சுணங்கும். மொத்த வேலையும் முன் பிரேக் தலையில். மலை இறக்கத்தில் புகை வராமல் என்ன செய்யும்? பட்டை கட்டுகிற நம்மாட்கள் பலரே இதைப் பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, எல்லோருக்கும் இருக்கும் அந்தத் தப்பான எண்ணத்துக்கு வருகிறேன். வண்டி உட்காருவது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பட்டையில்தான் பலம் போதவில்லை, பட்டை போட்டால் சுமக்கும் அளவு கூடிவிடும் என்று நினைக்கிறோம். பாரம் பாடியிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து பட்டைக்கு, பட்டையிலிருந்து ஆக்ஸிலுக்கு, பேரிங்குக்கு, ரிம்முக்கு, டயருக்கு இறங்குகிறது. நடுவில் பட்டையை மட்டும் கெட்டியாக்கினால் மற்றவை கெட்டியாகுமா? டயரில் நேற்று இருந்த அதே கிலோதான் இன்றும். நேற்றைக்கு வண்டி உட்கார்ந்து 'முடியவில்லை' என்றது. இன்று சொல்லாமல் சுமக்கிறது, அவ்வளவுதான். டயர் பக்கவாட்டில் லோடு இண்டெக்ஸ், அதாவது பாரம் தாங்கும் அளவைக் குறிக்கும் எண், 100 என்று இருந்தால் அந்த டயருக்கு 800 கிலோ எல்லை, 112 என்றால் 1,120 கிலோ. எத்தனை பட்டை அடுக்கினாலும் அந்த எண் மாறாது. ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையும் மாறாது.

இன்னொன்று, பாரம் எங்கே உட்காருகிறது என்பது. முன், பின் ஆக்ஸிலுக்கு இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்ஸிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் 100 கிலோ ஜெனரேட்டரைத் தொங்கவிட்டால், பின் ஆக்ஸிலுக்கு ஏறுவது 100 அல்ல, 150 கிலோ. முன் ஆக்ஸிலில் 50 கிலோ குறையும். சீ-சா பலகையில் ஒரு பக்கம் குழந்தை உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்குமே, அதேதான். ஸ்டியரிங் பஞ்சானது இதனால்தான். இந்த வண்டியில் 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, நான்கு இன்வெர்ட்டர் பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாமே பின்கோடியில். 300 லிட்டர் என்றால் 300 கிலோ. அந்தப் பேட்டரியில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐம்பது கிலோவுக்குக் குறையாது.

தயவுசெய்து முதலில் எடை மேடைக்குப் போங்கள். தண்ணீர், டீசல், ஆட்கள், சாமான் எல்லாவற்றோடும் போங்கள். முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். கழித்தால் பின் ஆக்ஸில் எடை வந்துவிடும். அதைக் கம்பெனி தந்த ஆக்ஸில் அளவோடு வைத்துப் பாருங்கள். அளவுக்குள் இருந்தும் வண்டி உட்காருகிறதா? அப்போது என்னிடம் வாருங்கள். சோர்ந்த பட்டையை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றலாம், உதவிக்கு ஏர் பெல்லோஸ் (காற்றடைத்த ரப்பர் பை) வைக்கலாம். யூ போல்ட் புதிது, வால்வு செட்டிங் கட்டாயம், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து யூ போல்ட் நட்டை முறுக்கவேண்டும். பட்டையில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள், சூடு பட்ட இடத்தில் அது முறியும்.

அளவைத் தாண்டியிருந்தால் பாரத்தை இறக்குவதுதான் வழி. கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற விதிமுறை இருக்கிறது. கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டு, ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. அபராதமாவது கட்டிவிடலாம்.

அந்த வண்டியில் கூட்டிப் போட்ட இரண்டு பட்டையையும் கழற்றி அவரிடமே கொடுத்தேன். முதலில் முகம் வாடிவிட்டது. அப்புறம் சீட்டைக் காட்டினேன், பின் ஆக்ஸிலில் 380 கிலோ அதிகம். ஜெனரேட்டரை வீட்டிலேயே வைத்துவிடச் சம்மதித்தார். பேட்டரி இரண்டு போதும் என்றார். தொட்டியை 100 லிட்டருக்குக் குறைத்து இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே மாற்றினோம். டயர் நான்கும் புதிது. மறுபடி எடை போட்டபோது பின் ஆக்ஸில் எடை அளவுக்குள் வந்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடி கொல்லிமலை போகிறாராம். தண்ணீரை மேலே போய் நிரப்பிக்கொள்ளுங்கள், இறங்கும் முன் காலி செய்துவிடுங்கள், இரண்டாவது கியரிலேயே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.