ஆயாவின் பச்சைக் கிண்ணமும் மேல்தட்டுக் கடிகாரமும்

"தம்பி, எங்கள் ஆயாவின் கிண்ணத்தில் யுரேனியம் இருக்கிறதாம். பேரன் சொல்கிறான். கடலில் போட்டுவிடட்டுமா?"

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் கேட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு என் வேலை; சாட்ஸ்வொர்த் இங்கே இந்திய வம்சாவளியினர் வாழும் புறநகர். எக்ஸ்ரே அறைச் சுவருக்கு எத்தனை மில்லிமீட்டர் ஈயத் தகடு வேண்டும் என்று கணக்குப் போடுகிறவனுக்குக் கோயில் பழக்கத்தில் இப்படியும் அழைப்புகள் வரும். கடலில் எதையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக் கதிர்வீச்சு அளவியுடன் போனேன்.

முன்னறையில் கண்ணாடி அலமாரி. நடுத்தட்டில் உள்ளங்கை அகலத்தில் இளம்பச்சைக் கிண்ணம். 1960களில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பராக்ஸை விட்டு வரச் சொன்னபோது, ஆயா தன் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்த கிண்ணம் அது. பேரன் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தான். கிண்ணம் பச்சை நெருப்பாய் எரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். அந்த ஒளி கதிரியக்கம் அல்ல. புற ஊதாவை வாங்கிக்கொண்டு பச்சையாகத் திருப்பித் தருவது யுரேனியச் சேர்மத்தின் இயல்பு; டார்ச்சை அணைத்தால் ஒளியும் போய்விடும். மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடிகூட மங்கலாகப் பச்சை காட்டும் என்பதால், ஒளிர்வதெல்லாம் யுரேனியமும் அல்ல. அன்றைக்கு அந்த வீட்டில் உடனடி ஆபத்து எது என்று கேட்டால், அந்த டார்ச்சைத்தான் சொல்வேன். பையன் அதைத் தன் முகத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். புற ஊதாக் கதிர் கண்ணுக்குக் கெடுதல்.

யுரேனியத்தை யாரும் கள்ளத்தனமாகக் கலக்கவில்லை. நிறத்துக்காகச் சேர்த்தார்கள். 1830களில், இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில், ரீடல் என்ற கண்ணாடிக்காரக் குடும்பம் இதைப் பரப்பி, மஞ்சளுக்கும் பச்சைக்கும் தங்கள் வீட்டுப் பெண் அன்னாவின் பெயரையே சூட்டியது. பொதுவாக எடையில் 2 சதவீத அளவில் யுரேனியம் இருக்கும். மிக அதிகமாகச் சேர்த்த பொருள்களும் உண்டு. 1930களில் இங்கிலாந்தில் அச்சில் வார்த்த பச்சைக் கிண்ணங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆயாவின் கிண்ணமும் அந்த வகையாகத் தோன்றியது. பிறகு போர் வந்தது. யுரேனியம் அணுகுண்டுக்குப் போனது.

அளவியை வைத்தேன். அறையில் நிமிடத்துக்கு நாற்பது டிக். கிண்ணத்தை ஒட்டிப் பிடித்ததும் அறுநூறைத் தாண்டியது. அக்கா இரண்டடி பின்வாங்கினார். அளவியை ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். சத்தம் கிட்டத்தட்ட பழையபடி ஆனது. மறுபடி ஒட்டிப் பிடித்து, நடுவில் ஒரு தாளை நீட்டினேன். எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. பேரனின் தடித்த பாடப்புத்தகத்தை வைத்ததும் அடங்கிவிட்டது.

யுரேனியம் சிதையும்போது துகள்கள் கிளம்பும். அவற்றில் ஒரு தாளே தடுத்துவிடும் ஆல்பா துகள்களில் பெரும்பகுதி கண்ணாடியை விட்டே வெளியே வருவதில்லை. அளவி கேட்டது, தாளைத் தாண்டிவிடும் பீட்டா துகள்களை. அலமாரியின் தடித்த கண்ணாடிக் கதவு அவற்றையும் பெரும்பாலும் தடுத்துவிடும். உலக மனிதனுக்கு மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு சீவர்ட்). அலமாரிக் கிண்ணம் அதில் சேர்ப்பது ஒரு துளி. இணையத்தில் வாங்கும் மலிவு அளவிகளைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, திரையில் தெரியும் மைக்ரோசீவர்ட்டைப் பார்த்து மிரள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை, ஊடுருவிச் செல்லும் காமா கதிரைக் கணக்கிடுவதற்காக அளவு சரிசெய்யப்பட்டவை. பீட்டா அடித்தால் கூட்டிச் சொல்லும்.

தென்னாப்பிரிக்காவில் யுரேனியத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் ஜோஹானஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கக் கழிவு மேடுகள். காற்றில் தூசி பறக்கும் அவற்றின் அருகிலேயே மனிதர்கள் வாழ்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

"அப்படியானால் பயமில்லை. அதில்தான் மாங்காய் அச்சாறு வைப்போம்" என்றார் அக்கா நிம்மதியாக.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வினிகரும் உப்பும் எண்ணெயும் வாரக்கணக்கில் ஊறும் அச்சாற்றை அதில் வைக்கவே கூடாது. புளிப்பு, கண்ணாடியிலிருந்து யுரேனியத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கும். அளவு குறைவுதான், ஆனால் விழுங்கிய யுரேனியம், கதிரியக்கத்தால் என்பதைவிட, கன உலோகம் என்ற முறையில் சிறுநீரகத்தைத்தான் முதலில் பதம் பார்க்கும். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழகுக்கு வைத்த பாத்திரம் அலமாரியிலேயே இருக்கட்டும். அச்சாற்றுக்குச் சாதாரண ஜாடி போதும்.

விளக்காக மாற்றத் துளையிடுவது, கீறலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, இரண்டும் வேண்டாம். தூள் மூச்சில் போனால் ஆல்பா துகளைத் தடுக்க உள்ளே தோல் கிடையாது. உடைந்தால் கையுறை போட்டுப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் தூசியைக் கிளப்பிவிடும். யுரேனியப் பாசிமணி மாலையை நாள் முழுதும் தோலோடு ஒட்ட அணியாதீர்கள்.

கிளம்பும் முன் வழக்கப்படி அலமாரி முழுதும் அளவியை ஓட்டினேன். மேல்தட்டில் அது அலறியது. தாத்தாவின் பயண மேசைக் கடிகாரம். எண்களில் பழுப்பேறிய பூச்சு.

"இது எப்போதோ ஒளிர்வதை நிறுத்திவிட்டது தம்பி."

ஒளிர்வதை நிறுத்தியது பூச்சிலிருந்த ஒளிரும் பொருளான துத்தநாக சல்ஃபைடு. அதை ஒளிரவைக்கக் கலந்த கதிரியக்க உலோகமான ரேடியம் அப்படியே இருக்கிறது. யுரேனியம் பாதியாகக் குறைய 450 கோடி ஆண்டுகள் ஆகும். அத்தனை நிதானமாகச் சிதைவதால்தான் அது சாது. ரேடியத்துக்கு 1,600 ஆண்டுகள் போதும். எடைக்கு எடை பார்த்தால் ஏறத்தாழ 30 லட்சம் மடங்கு வேகம். போதாக்குறைக்கு ரேடான் என்ற கதிரியக்க வாயுவையும் விடும். சுத்திகரித்த யுரேனியத்தில் செய்த கண்ணாடியில் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

மூடியிருக்கும்வரை பெரிய பயமில்லை. திறந்தால் உதிர்ந்த பூச்சு விரலிலும் மூச்சிலும் ஏறும். படுக்கையறையில் வைக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், எங்கே ஒப்படைப்பது என்று தேசிய அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பிடம் கேளுங்கள் என்றேன்.

அக்கா பேரனைப் பார்த்தார். அடுத்த வாரம் அந்தக் கடிகாரத்தைப் பிரித்து ஓடவைப்பதாக அவன் சொல்லியிருந்தானாம். மேசையில் கிடந்த அவனுடைய சிறு திருப்புளியை எடுத்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டு, "தேநீர் குடித்துவிட்டுப் போங்கள்" என்றார்.